இரண்டாவது காப்பாளர்

2019 ஏப்ரல் 15-ஆம் தேதி மும்பையில் இந்தியக் கிரிக்கெட் தேர்வாளர்கள் உலகக் கோப்பைக்கான 15 பேர் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் 14 இடங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது மிச்சமுள்ள ஓர் இடம்தான். தோனிக்கு அடிபட்டால் விக்கெட்டுக்குப் பின்னால் கையுறை போட்டு உட்காரப்போவது யார்? ரிஷப் பந்த்தா, தினேஷ் கார்த்திக்கா?

நம் தோட்டத்துப் பக்கம் பந்து என்றால் கால்பந்துதான். கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். விக்கெட் காப்பாளர் கிட்டத்தட்ட கோல்காப்பாளர் மாதிரி. அணியில் ஒருவர்தான் இருக்க முடியும். பந்துவீசுபவர் களைத்தால் இன்னொருவர் வீசலாம், மட்டை பிடிப்பவரை மேலே கீழே மாற்றிப் பார்க்கலாம். காப்பாளரின் இடத்தில் பாதி ஆள் நிற்க முடியாது. ஆகவே இரண்டாவது காப்பாளர் என்பவர், முதல் ஆளுக்கு ஏதாவது ஆகும்வரை, வேலை இல்லாத வேலையில் இருப்பவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தை இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவார்கள். அவர் நின்ற ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோல்காப்பாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார்கள்.

பந்த்துக்கு அப்போது 21 வயது. இங்கிலாந்தில் ஓவல் மைதானத்திலும் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலும் டெஸ்ட் சதம் அடித்து முடித்திருந்தார். அடுத்த பத்து வருஷம் அவருடையது என்று எல்லாருக்கும் தெரியும். கார்த்திக்குக்கு 33. ஆள் சென்னை. இந்திய அணிக்குள் வந்து, போய், திரும்ப வந்து, மறுபடி போனவர். தேர்வாளர்கள் கார்த்திக்கை எடுத்தார்கள். தலைமைத் தேர்வாளர் எம். எஸ். கே. பிரசாத் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். தோனிக்குக் காயம் என்றால் மட்டும்தான் இரண்டாவது காப்பாளர் ஆடப்போகிறார், அது ஒரு முக்கியமான ஆட்டமாக இருந்தால் அன்றைக்குக் காப்புத் திறமைதான் கணக்கு, அதனால் கார்த்திக்.

திறமை அதிகம் உள்ளவனை விட்டுவிட்டுப் பழைய ஆளை எடுத்தது அநியாயம் என்று அப்போது பலர் கொதித்தார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது. காரணம் கிரிக்கெட் இல்லை, பாய்லர்.

வட சிலாங்கூரில் ஒரு செம்பனை ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஆலைக்கு உயிர் பாய்லர். பாய்லருக்கு உயிர் அதற்குள் தண்ணீர் தள்ளும் பம்பு. தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் பம்பு இரண்டு வைத்திருப்போம். ஒன்று மின்சாரத்தில் ஓடுவது. அமைதியானது, சீரானது. இன்னொன்று நீராவியில் ஓடுவது. சத்தம் போடும், ஆவியை விழுங்கும், ஒழுகும். புதிதாக வேலைக்கு வருகிற எவனும் கேட்பான், ‘ஏன் சார், நல்ல கரண்டு பம்பே இன்னொன்னு வாங்கி வைக்கலாமே?’

வைக்கலாம். ஆனால் கரண்டு போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். நீராவி பம்பு அந்த நேரத்துக்கு என்றே இருப்பது. கரண்டு போன பிறகும் பாய்லரில் கொஞ்ச நேரம் ஆவி இருக்கும், அந்த ஆவியிலேயே அது ஓடும். எந்த இடத்தில் முதல் பம்பு தோற்குமோ அந்த இடத்தில் தோற்காமல் இருப்பதுதான் அதன் ஒரே தகுதி. மற்ற நாள்களில் அது எவ்வளவு மோசம் என்பது கணக்கில் வராது.

இங்கே ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. ‘இரண்டாவது’ என்ற சொல்லை நாம் எப்போதும் ‘இரண்டாம் தரம்’ என்றே காதில் வாங்குகிறோம். வகுப்பில் இரண்டாவது வந்தவன், முதல் ஆள் வரவில்லை என்றால் முதல் ஆள். ஒரே ஏணி, அடுத்த படி. மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வேறு கேள்வி. ‘யார் சிறந்தவர்?’ என்பதற்கு ஓர் ஏணி போதும். ‘முதல் ஆள் விழும் அந்த மணி நேரத்தில் யார் வேண்டும்?’ என்பதற்கு அந்த ஏணி உதவாது. தேர்வாளர்கள் 2019-இல் கேட்டது இரண்டாவது கேள்வி. கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள், என்ன கேட்டோம் என்பதையும் ஊருக்குச் சொன்னார்கள். அந்த அளவில் அது நியாயமான தேர்வு.

ஆனால் ஒரு தேர்வு நியாயமா இல்லையா என்பது பட்டியல் வெளியான அன்றே முடிந்துவிடுகிறதா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

காத்திருப்பு என்றால் என்ன என்று முதலில் பார்க்கலாம். எங்கள் ஆலையில் பாய்லர் பார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நீராவி பம்பைக் காட்டி, ‘தம்பி, வாரத்துல ஒரு நாளாச்சும் இத ஓட விடு. சும்மா நிக்கிற மெசினுக்குத்தான் சீக்கு அதிகம்’ என்றார். அது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. ஓடாத பம்பில் சீல் காய்ந்துபோகும், வால்வு இறுகிக்கொள்ளும். இன்னொன்றும் நடக்கும். பக்கத்தில் ஓடும் பம்பின் அதிர்வு தரை வழியாக வந்து, நிற்கும் பம்பின் பேரிங்கில் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். ஓடினால் உருண்டைகள் நகரும், எண்ணெய் பரவும். நிற்பதால் அதே புள்ளியில் குழி விழும். ஓடுகிற எந்திரத்தின் பக்கத்தில் சும்மா நிற்பதே ஒரு தேய்மானம் என்பதைப் படிப்பில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் நம்ப முடிந்தது.

கார்த்திக்கின் கதையை இந்தப் பேரிங் இல்லாமல் என்னால் இப்போது யோசிக்க முடிவதில்லை. 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம். அதே வருஷம் நவம்பரில் மும்பையில் முதல் டெஸ்ட். தோனி இந்தியாவுக்காக முதலில் ஆடியதே அதற்குப் பிறகு, 2004 டிசம்பரில். ஒரு வருஷம் கழித்து, 2005 டிசம்பரில், டெஸ்ட் அணியிலும் தோனி வந்தார். அந்த ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்தில், கார்த்திக்கின் சொந்த ஊரில். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், 2014 டிசம்பரில் தோனி டெஸ்ட்டை விட்டு விலகும்வரை, அந்தக் கையுறை யாருக்கு என்ற கேள்விக்கே இடமில்லை. கார்த்திக் 2007 உலகக் கோப்பைக்குப் போனார், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். 2010-க்கும் 2018-க்கும் நடுவே இந்தியா 87 டெஸ்ட் ஆடியது. எதிலும் அவர் இல்லை. பார்த்திவ் பட்டேலுக்கும் இதே கதை. 17 வயதில் டெஸ்ட் ஆடியவர், பிறகு எட்டு வருஷம் வெளியே.

இதில் தோனியின் தவறு ஒன்றும் கிடையாது. தேர்வாளர்களின் தவறும் கிடையாது. ஒரே இடம், இரண்டு பேர்; ஒருவர் வெளியேதான் இருக்க வேண்டும். ‘அதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களே’ என்று சொல்லிவிடலாம். சம்பளம் காத்திருக்கும் நேரத்துக்கு விலை. காத்திருப்பதால் ஏற்படும் குழிக்கு அது விலை ஆகாது.

அப்படியானால் மாற்று ஆளாக இருப்பதே ஒரு வீண் வாழ்க்கையா? இங்கேதான் இங்கிலாந்தின் பாப் டெய்லர் எனக்கு முக்கியமானவராகிறார். டெய்லரைவிடச் சிறந்த காப்பாளர் இல்லை என்று சொல்பவர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் ஆலன் நாட் அவரைவிட நன்றாக மட்டை பிடிப்பார். ஆகவே நாட் ஆடினார், டெய்லர் பார்த்தார். 1971-இல் நியூசிலாந்தில் ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. அடுத்தது கிடைத்தது 1977-இல், நாட் கெர்ரி பேக்கரின் தனியார் போட்டிக்குப் போன பிறகு. அப்போது டெய்லருக்கு 36 வயது. அதற்குப் பிறகும் 57 டெஸ்ட் வரை ஆடினார்.

எப்படி முடிந்தது? அவருக்குக் குழி விழவில்லை, அவ்வளவுதான். அந்த வருஷங்களில் அவர் டெர்பிஷயர் அணிக்காக நாள்தோறும் கையுறை போட்டுக்கொண்டே இருந்தார். முதல்தர ஆட்டங்களில் 1649 பேரை ஆட்டமிழக்கச் செய்தது இன்றுவரை உலகச் சாதனை. நாட்டுக்கு அவர் இரண்டாவது ஆள். வேலைக்கு அவர் என்றும் முதல் ஆள்.

1986 ஜூலையில் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். இங்கிலாந்துக் காப்பாளர் புரூஸ் ஃபிரெஞ்ச், மட்டை பிடிக்கும்போது ஹேட்லியின் பந்து தலையில் பட்டு, காப்புக்கு இறங்க முடியவில்லை. டெய்லர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விளம்பரதாரரின் விருந்தினர்களை உபசரிக்கும் வேலையாக அன்று மைதானத்துக்கு வந்திருந்தார். மாற்று ஆட்டக்காரர் காப்பாளராக நிற்க அன்றைய விதியில் இடமில்லை; விதி மாறியது 2017-இல்தான். நியூசிலாந்துத் தலைவர் ஜெரமி கோனி பெருந்தன்மையாகச் சம்மதித்தார். 45 வயது டெய்லர் விருந்துக் கூடாரத்திலிருந்து எழுந்து வந்து கையுறை போட்டார், சுத்தமாகக் காத்தார். இதைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒழுக்கவியல் பாடம். ‘தயாராக இரு’ என்று ஒருவரிடம் சொல்ல நமக்கு உரிமை வேண்டுமென்றால், தயாராக இருப்பதற்கான வேலையையும் அவருக்கு நாம் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இந்த விஷயம் இன்னும் தெளிவு. அங்கே பந்து பிடிப்பவர் ஒவ்வொரு வீச்சுக்கும் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஒரே முழங்கால் அதைத் தாங்காது. அதனால் இரண்டாவது ஆளுக்கு முறை வைத்து ஆட்டம் கொடுப்பார்கள். இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகலிலேயே ஆட்டம் என்றால் பெரும்பாலும் அவர்தான். சிக்காகோ கப்ஸ் அணியின் டேவிட் ராஸ் அப்படிப்பட்டவர். 2016 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில், 39 வயதில், தன் வாழ்க்கையின் இறுதி ஆட்டத்தில் இடையே இறங்கி ஒரு ஹோம் ரன் அடித்தார். அதிசயம் என்றார்கள். பருவம் முழுக்க அவரை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது 2019-க்குத் திரும்புவோம். என் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது.

தோனிக்குக் காயம் எதுவும் ஆகவில்லை. ஆனால் தொடக்க ஆட்டக்காரர் ஷிகர் தவானுக்குக் கட்டைவிரல் முறிந்தது. அவருக்குப் பதிலாகப் பந்த்தை இங்கிலாந்துக்கு வரவழைத்தார்கள். ஜூன் 30-ஆம் தேதி பந்த் ஆடினார். கார்த்திக் அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூலை 2-ஆம் தேதி, வங்காளதேசத்துக்கு எதிராக ஆடினார். உலகக் கோப்பையில் அது அவருடைய முதல் ஆட்டம். 2007-இல் பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணினால் 12 வருஷம். கையுறை தோனியிடமே இருந்தது. கார்த்திக் இறங்கியது மட்டை பிடிப்பவராக.

ஜூலை 10-ஆம் தேதி மான்செஸ்டரில் நியூசிலாந்துடன் அரையிறுதி. 240 ஓட்டம் எடுக்க வேண்டும். இந்தியா 5 ஓட்டத்துக்கு 3 விக்கெட். ரோகித், கோலி, ராகுல் மூவரும் தலா 1. அந்த நெருப்பில் கார்த்திக் இறங்கினார். 25 பந்தில் 6 ஓட்டம். நீஷம் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தார். அணி 24-க்கு 4. கடைசியில் இந்தியா 18 ஓட்டத்தில் தோற்றது. அதற்குப் பிறகு கார்த்திக் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம் ஆடவே இல்லை.

என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். முக்கியமான ஆட்டத்தில் நல்ல காப்பு வேண்டும் என்று ஒருவரை எடுத்தார்கள். முக்கியமான ஆட்டம் வந்தது. காப்பைக் கேட்கவில்லை, வேகப்பந்து ஸ்விங் ஆகும் காலையில் சரிவை நிறுத்தும் மட்டையைக் கேட்டார்கள். பிறகு அந்த 25 பந்தை வைத்து ஊர் முழுக்கத் தீர்ப்பு சொன்னது. நீராவி பம்பைக் கொண்டுபோய்க் குளிர்சாதன அறையில் வைத்துவிட்டு, ‘என்ன இது, இவ்வளவு சத்தம் போடுது’ என்று கோபித்துக்கொள்வது போல. இது முதல் முறையும் இல்லை. 2010-இல் நாக்பூரில் ரித்திமான் சாஹா மாற்றுக் காப்பாளராக அணியோடு இருந்தார். டாஸுக்குக் கொஞ்சம் முன்னால் பயிற்சியில் ரோகித்துக்குக் காலில் அடிபட, சாஹாவை வெறும் மட்டை பிடிப்பவராக இறக்கினார்கள். தென்னாப்பிரிக்க வேகத்துக்கு எதிரே முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ், 0.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அணித் தலைமைக்கு வேறு வழி இருந்ததா? தவான் இல்லை, நடுவரிசையில் இன்னொருவருக்கும் காயம். இருப்பவரை வைத்துத்தான் ஆட முடியும். 34 வயதானவரை ஒருநாள் அணியிலிருந்து விலக்க அந்த 25 பந்து மட்டும்தான் காரணம் என்றும் என்னால் சொல்ல முடியாது. உலகக் கோப்பை முடிந்தால் எல்லா அணியும் இளையவர்களைத் தேடும். அணிதான் முக்கியம், ஆள் இல்லை என்று வாதிடுபவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. வேலை மாறலாம். அவசரத்தில் யாரும் எந்த வேலையையும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் வேலையை மாற்றும் உரிமை வேறு, அளவுகோலை மாற்றும் உரிமை வேறு. வேலையை மாற்றினால், மாற்றியதைக் கணக்கில் எழுதி வைக்க வேண்டும். ‘இவரை நாங்கள் இதற்காக எடுக்கவில்லை, இருந்தும் இறங்கினார்’ என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும். அது இரக்கம் இல்லை, கணக்கு நேர்மை. ஆலையில்கூட ஒரு பம்பை அதன் வடிவமைப்புக்கு வெளியே ஓட்டினால் பதிவேட்டில் எழுதுவோம். அடுத்த வருஷம் அது பழுதாகும்போது பம்பைத் திட்டாமல் இருப்பதற்காக.

நேர்மையான அளவுகோல் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் கார்த்திக்கின் வாழ்க்கையிலேயே உதாரணம் உண்டு. 2018 மார்ச்சில் கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதியாட்டம். கடைசி இரண்டு ஓவரில் 34 ஓட்டம் வேண்டும். 8 பந்தில் 29 அடித்தார், கடைசிப் பந்து சிக்ஸர். அதற்குப் பல வருஷம் கழித்து, கடைசி ஓவர்களில் அடித்து முடிப்பதையே தன் தொழிலாக ஆக்கிக்கொண்டு, 2022 டி20 உலகக் கோப்பைக்கு 37 வயதில் திரும்பினார். அந்தத் தடவை எதற்காக எடுத்தார்களோ அதே வேலையைக் கொடுத்தார்கள். அவரால் பெரிதாக அடிக்க முடியவில்லை. வருத்தம்தான், ஆனால் அநியாயம் இல்லை. தோல்வி அவருடையது. ஒரு மனிதனுக்குத் தன் தோல்வியாவது தன்னுடையதாக இருக்க வேண்டும்.

‘யாரோ ஒரு கிரிக்கெட்காரனுக்கு இவ்வளவு எழுதணுமா?’ என்று கேட்பவர்கள் இந்த நாட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆள் வராத நிரைக்கு அனுப்பப்பட்டவர், அடுத்தவர் பழக்கிய மரத்தில் அடுத்தவர் அளவுக்குப் பால் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு வேறு பெயர்களில். 2016 டிசம்பரிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தர இடம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அவர்கள் 2021 ஜூலை 26-ஆம் தேதி, தொற்று உச்சத்தில் இருந்தபோது, வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றார்கள். கேட்டவற்றில் ஒன்று நிரந்தர வேலை. இன்னொன்று அதைவிட எளிமையானது. யாரை எந்த அளவுகோலில் நிரந்தரமாக்குகிறீர்கள், சொல்லுங்கள் என்பது. அந்த இரண்டாவது கோரிக்கைக்குப் பணம் செலவாகாது. அதைத்தான் கொடுப்பதற்கு எல்லாருக்கும் மனம் வருவதில்லை.

ஏன் என்று யோசித்தால், அளவுகோலைச் சொல்லிவிட்டால் சொன்னவரும் அதற்குக் கட்டுப்பட்டுவிடுகிறார். மாற்று ஆளிடம் நமக்குப் பிடித்ததே, அவரிடம் எதையும் கேட்கலாம், எதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான். முதல் ஆளை எடுக்கும்போது உலகமே பார்க்கிறது. பத்துக் கேள்வி வரும். இரண்டாவது ஆளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் நியாயத்தை அளக்க, அதன் தலைவரை அது எப்படி நடத்துகிறது என்று பார்த்துப் பயனில்லை. பெஞ்சைப் பார்க்க வேண்டும்.

குவாலா குபு பாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாயில் ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883-இல் அந்த அணை உடைந்து பழைய குவாலா குபுவை அடித்துக்கொண்டு போனது. அணை நின்ற காலத்தில் அதற்கு யாராவது பெயர் வைத்தார்களா தெரியாது, உடைந்ததும் ஊருக்கே பெயராகிவிட்டது. முதல் ஆள் உடையும்போதுதான் இரண்டாவது ஆளின் நினைவு வரும் என்பது மனிதர்களின் பொதுக்குணம், அதை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கையில் இருப்பது சின்ன விஷயம். யாரிடமாவது ‘நீ ரெடியா இரு’ என்று சொல்லும் நாளில் மூன்று வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம். எதற்கு ரெடியாக இருக்க வேண்டும், அதுவரை எங்கே ஓடிக்கொண்டிருக்கலாம், எதை வைத்து உன்னை மதிப்பிடுவோம். அதைச் சொல்ல முடியாதவர் மாற்று ஆளைத் தேடவில்லை. பழி போடுவதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்.